சுவரில் மோதி அணையும் சுடர்: ஒற்றை வினை ஒரு பதில், முழு வேதியியல் வேறு பதில். எதை நம்புவது?

நீலச்சுடர்:

வணக்கம் நண்பர்களே. முனைவர் பட்ட வேலையைத் தொடங்கியிருக்கிறேன். என்ஜின் சிலிண்டர் சுவரை நோக்கி நேராக வந்து மோதி அணைகிற சுடரை ஒரு பரிமாணத்தில் சிமுலேஷன் செய்கிறேன். மீத்தேனும் காற்றும் சரிவிகிதத்தில், 1 வளிமண்டல அழுத்தம், சுவர் 300 கெல்வினில் நிலையாக இருக்கிறது. கான்டெரா என்ற வேதியியல் மென்பொருளில் இருக்கும் ஒரு பரிமாணச் சுடர்கள் நிலைத்த சுடர்களுக்கானவை என்பதால், நேரத்தோடு மாறும் சமன்பாடுகளைத் தீர்க்கும் கணினி நிரலை (கோடு) நானே எழுதினேன். வினைவேகம், வெப்பக் கடத்தல் எண்களை மட்டும் கான்டெராவிடம் வாங்கிக்கொள்கிறேன்.

எரிபொருள் ஆக்சிஜனோடு சேர்ந்து நேரே விளைபொருளாகிறது என்று ஒற்றை வினையாக வைத்து ஓட்டினால், சுடர் சுவருக்குச் சுமார் 0.2 மி.மீ. தள்ளி அணைகிறது. சுவரோரம் மீத்தேன் தேங்கி நிற்கிறது, அதன்பின் மிக மெதுவாகத்தான் குறைகிறது. மீத்தேன் எரிதலுக்கான விரிவான வினைப் பட்டியலான ஜிஆர்ஐ-மெக் 3.0 போட்டால் (53 சேர்மங்கள், 325 வினைகள்) அணையும் தூரம் ஏறக்குறைய அதேதான். ஆனால் தேங்கிய மீத்தேன் மளமளவென்று காலியாகிவிடுகிறது.

என்ஜின் புகையில் எரியாத ஹைட்ரோகார்பன் வருவது சுவரோரம் சுடர் அணைவதால்தான் என்று பாடத்தில் படித்தேன். முழு வேதியியல் சொல்வது உண்மையானால் அந்த விளக்கம் நிற்கவில்லையே? என் கோடில் பிழையா, பாடத்தில் பிழையா?

வலைக்கண்ணி:

முதலில் மெஷ், அதாவது கணக்குக்காக இடத்தைப் பிரித்த கட்டங்கள். சுவரோரம் கட்டம் எவ்வளவு சிறியது? இந்த நிலையில் சுடரின் வெப்பத் தடிமன் அரை மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. அணையும் அடுக்கு 0.2 மி.மீ. அதற்குள் பத்துப் புள்ளியாவது வேண்டும், எச்ஓ2 மாதிரி ரேடிக்கல்களை, அதாவது சட்டென்று வினைபுரியும் மூலக்கூற்றுத் துண்டுகளை, சுவரோரம் பார்க்கவேண்டும் என்றால் இன்னும் அதிகம். 5 மைக்ரானில் ஓட்டு, பாதியாக்கி மறுபடி ஓட்டு, பதில் நகரவில்லை என்றால் மேலே பேசலாம்.

0.2 மி.மீ. என்ற எண் சரியாகத்தான் தெரிகிறது. வெப்பப் பரவல் எண்ணைச் சுடர் வேகத்தால் வகுத்தால் ஒரு நீளம் கிடைக்கும். 300 கெல்வினில் பரவல் எண் நொடிக்குச் சுமார் 0.22 சதுர செ.மீ., சுடர் வேகம் நொடிக்கு 38 செ.மீ., ஆக நீளம் கிட்டத்தட்ட 58 மைக்ரான். அணையும் தூரத்தை இந்த நீளத்தால் வகுத்தால் வருவதுதான் பெக்லே எண். நேர் மோதலில் ஹைட்ரோகார்பன் சுடர்களுக்கு அது 3 முதல் 4 வரை வரும். உனக்கு 3.5 வந்திருக்கிறது. சுவருக்குப் பக்கவாட்டில் உரசிக்கொண்டு போகும் சுடருக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு. குறுகிய குழாய்க்குள் நுழையப் பார்க்கும் சுடருக்கு, குழாயின் விட்டத்தை வைத்துக் கணக்குப் போட்டால், 40, 50 என்று போய்விடும். ஒரு பக்கம் சுவர் இருப்பதற்கும் சுற்றிலும் சுவர் இருப்பதற்கும் அவ்வளவு வித்தியாசம்.

பழையகாகிதம்:

நீலச்சுடர், உங்கள் சந்தேகம் 1981இலேயே ஒரு கட்டுரையாக வந்துவிட்டது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த கதை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1950களின் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலஸ் புகைமூட்டத்துக்குக் காரணம் தேடிக்கொண்டிருந்தார்கள். ஹைட்ரோகார்பனும் நைட்ரஜன் ஆக்சைடும் வெயிலில் வினைபுரிவதுதான் காரணம் என்று கால்டெக்கில் இருந்த ஹாகன்-ஸ்மிட் காட்டினார். வாகனப் புகையில் ஹைட்ரோகார்பன் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி உடனே எழுந்தது. ஜெனரல் மோட்டார்ஸில் டேனியல் என்ற ஆய்வாளர், ஓடுகிற என்ஜினுக்குள் ஜன்னல் வழியே படம் எடுத்து, சுவரோரம் ஒளியே இல்லாத மெல்லிய இருட்டுப் பட்டை ஒன்று இருப்பதைக் காட்டினார். அது 1957இல் அச்சாயிற்று. குளிர்ந்த சுவர், அணைந்த சுடர், எரியாத எரிபொருள். கண்ணால் பார்த்த சாட்சி இருந்ததால் இந்த விளக்கம் இருபது ஆண்டுக்கும் மேல் அசையாமல் நின்றது. உங்கள் பாடத்தில் இருப்பது அதுதான்.

1981இல் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தின் வெஸ்ட்புரூக்கும், ஃபோர்டில் இருந்த ஆடம்சிக்கும் லவோயியும் சேர்ந்து, சுவரில் அணையும் சுடரை விரிவான வேதியியலோடு கம்ப்யூட்டரில் தீர்த்தார்கள். மீத்தேன், மெத்தனால் இரண்டுக்கும், பல அழுத்தங்களில். கிடைத்த பதில் உங்களுடையதேதான்: சுடர் அணைகிறது, எரிபொருள் சுவரோரம் மிஞ்சுகிறது, ஆனால் சீக்கிரமே வெளியே பரவி, பக்கத்தில் இருக்கும் சூடான வாயுவில் எரிந்து தீர்கிறது. புகைக்குழாயில் அளக்கிற ஹைட்ரோகார்பனுக்கு அந்த அடுக்கு முக்கியக் காரணமாக இருக்க முடியாது.

டேனியலின் படமும் பொய்யில்லை. இருட்டுப் பட்டை இருந்தது உண்மை. அந்தப் பட்டையில் இருந்த எரிபொருள் அப்புறம் என்ன ஆனது என்பதைப் படம் சொல்லவில்லை, அவ்வளவுதான். அதைச் சொன்னது சிமுலேஷன். ஒரு துறை நம்பிக்கொண்டிருந்த காரணத்தையே கணக்கு புரட்டிப்போட்ட தருணங்களில் இதை நான் மிக உயரத்தில் வைப்பேன்.

பட்டறை:

தம்பி, நான் கணக்குப் போடுகிறவன் இல்லை. ஹெட் வேலை, போர் வேலை செய்கிறவன். எங்கள் தொழிலில் பிஸ்டன் மேலே வரும்போது ஹெட்டோடு நெருங்குகிற தட்டையான பகுதியைக் க்வென்ச் ஏரியா என்றே சொல்வோம், ஸ்குயிஷ் என்றும் சொல்வோம். அந்த இடைவெளியை 1 மி.மீ. அளவுக்கு இறுக்கி வைத்தால் நாக்கிங் (கலவை தானாகவே தீப்பிடித்துத் தட்டுவது) குறையும். அங்கே இருக்கிற கலவை சுவரோடு ஒட்டிக் குளிர்ந்துவிடும், மீதி நடுவே பிதுங்கி வந்து நன்றாகக் கலக்கும்.

ஸ்குயிஷ் பரப்பை அளவுக்கு மீறிப் பெரிதாக வைத்த ஹெட்டுகளில் புகைச் சோதனையில் ஹைட்ரோகார்பன் ஏறுவதைப் பார்த்திருக்கிறேன். சுவரோரம் மிஞ்சுவது எல்லாம் உடனே எரிந்துவிடுகிறது என்றால் அது எப்படி ஏறும்?

கரிமச்சங்கிலி:

பட்டறை அண்ணா கேள்விக்கு வலைக்கண்ணி வருவார். ஒற்றை வினை ஏன் ஏமாற்றுகிறது என்பதை மட்டும் நான் சொல்கிறேன்.

சுடரை உயிரோடு வைத்திருப்பது ஹைட்ரஜன் அணு ஆக்சிஜன் மூலக்கூறைத் தாக்கி, ஓஎச் ஒன்றும் ஆக்சிஜன் அணு ஒன்றும் பிறக்கிற வினை. ஒரு ரேடிக்கல் போய் இரண்டு வருகிறது. இதற்கு நிறைய ஆற்றல் தேவை, வெப்பநிலை இறங்கினால் இது படுத்துவிடும். அதே ஹைட்ரஜன் அணு, அதே ஆக்சிஜன், மூன்றாவதாக ஒரு மூலக்கூறு மோதிச் சேர்ந்தால் எச்ஓ2 ஆகும். இதற்கு ஆற்றல் தடை கிடையாது, குளிரில் இன்னும் நன்றாகவே நடக்கும். சுவரை நெருங்க நெருங்க முதல் வினை தோற்று இரண்டாவது ஜெயிக்கிறது. ரேடிக்கல்கள் கூட்டமாகச் செத்துப்போகின்றன. சுடர் அணைவது என்பது நடைமுறையில் இந்தத் தோல்விதான்.

இப்போது அணைந்த பிறகு நடப்பதைப் பாருங்கள். சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி 1500 கெல்வினுக்கு மேல் சூடான எரிந்த வாயு இருக்கிறது, அதில் ஓஎச் நிறைய இருக்கிறது. தேங்கிய மீத்தேன் அந்தப் பக்கம் பரவி வந்ததும் ஓஎச் அதைப் பிடித்துக்கொள்கிறது. அந்தத் தாக்குதலுக்குப் பெரிய ஆற்றல் தடை இல்லை. ஒற்றை வினையில் ஓஎச் என்பதே கிடையாது. எரிபொருளை உடைக்க இருப்பது, சுடர் வேகத்துக்குப் பொருந்தும்படி ஒட்டவைத்த ஒரே ஒரு பெரிய ஆற்றல் தடை. அதனால்தான் அணையும் தூரம் இரண்டிலும் ஒத்துப்போகிறது, அணைந்த பின் நடப்பது ஒத்துப்போவதில்லை. தூரத்தை வெப்பக் கணக்கே தீர்மானித்துவிடும், பிந்தைய கதையை ரேடிக்கல்கள்தான் தீர்மானிக்கும்.

உங்கள் கோடில் பிழை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

நீலச்சுடர்:

மிக்க நன்றி. கட்டத்தைப் பாதியாக்கியும் ஓட்டிப் பார்த்தேன், பதில் அசையவில்லை.

ஆனால் என்ஜின் அளவுக்குக் கணக்குப் போட்டால் குழப்பம் வருகிறது. 20 பார் அழுத்தம், சுவரோர வாயு 450 கெல்வின் என்று வைத்தேன். பரவல் எண் அழுத்தத்தால் சுருங்கி நொடிக்கு 0.023 சதுர செ.மீ. ஆகிறது. சுடர் வேகத்தை 37 செ.மீ. என்று எடுத்தால் நீளம் 6 மைக்ரான், அணையும் தூரம் சுமார் 20 மைக்ரான். 86 மி.மீ. போர் (உள்விட்டம்) உள்ள சிலிண்டரில் பிஸ்டன் மேலே இருக்கும்போது சுவர்ப்பரப்பு மொத்தம் 140 சதுர செ.மீ. என்றால், அந்த அடுக்கின் கன அளவு 0.28 கன செ.மீ. எரிப்பறை 50 கன செ.மீ. என்றால் இது அரை சதவீதத்துக்குச் சற்று மேல். ஆனால் சுவரோர வாயு குளிர்ந்தது, அடர்த்தி ஐந்து மடங்கு. அப்படியானால் நிறையில் கிட்டத்தட்ட 3 சதவீதம். இது கொஞ்சமா?

வலைக்கண்ணி:

கொஞ்சம் இல்லைதான். அதனால்தான் 20 வருடம் எல்லோரும் அதை நம்பினார்கள்.

உன் கணக்கில் விடுபட்டது நேரம். 20 மைக்ரான் அடுக்கிலிருந்து எரிபொருள் வெளியே பரவ எவ்வளவு நேரம்? தூரத்தின் வர்க்கத்தைப் பரவல் எண்ணால் வகு. சுமார் 0.17 மில்லி விநாடி வரும். 2000 ஆர்பிஎம்மில் கிராங்க் ஒரு டிகிரி திரும்ப 0.083 மில்லி விநாடி. ஆக, இரண்டு டிகிரி திரும்புவதற்குள் அடுக்கு தன்னைத் தானே காலி செய்துகொள்கிறது. அந்த நேரத்தில் பக்கத்து வாயு 2000 கெல்வினுக்கு மேல் இருக்கிறது. தப்பிக்க வழியே இல்லை. இன்னொன்று, அந்த 20 மைக்ரானில் இருப்பது முழுக்க எரியாத கலவையும் அல்ல. சுடர் நெருங்கி வரும்போதே எரிபொருள் அந்தப் பக்கம் பரவித் தீர ஆரம்பித்துவிடும்.

இப்போது பட்டறை அண்ணா சொன்னதற்கு வருகிறேன். முதல் ரிங்குக்கு மேலே, பிஸ்டனுக்கும் லைனருக்கும் (சிலிண்டரின் உள்சுவர்) நடுவே ஓர் இடுக்கு உண்டு, டாப் லேண்ட் இடுக்கு. உயரம் 6 மி.மீ., இடைவெளி 0.3 மி.மீ. என்று வை. 86 மி.மீ. போருக்குக் கன அளவு 0.49 கன செ.மீ., எரிப்பறையில் 1 சதவீதம். அழுத்தம் உச்சத்தில் இருக்கும்போது நடுவில் 2500 கெல்வின், இடுக்கில் 450 கெல்வின். அடர்த்தி ஐந்தரை மடங்கு. ஆக நிறையில் 5 சதவீதத்துக்கு மேல். சுடர் இதற்குள் நுழையுமா? இரண்டு பக்கமும் சுவர், பெக்லே எண் 40 என்று வைத்தால் 6 மைக்ரானுக்கு 0.24 மி.மீ. வருகிறது, இடைவெளியும் கிட்டத்தட்ட அதே அளவு. பிஸ்டன் சூடாகி விரிந்ததும் இடைவெளி இன்னும் சுருங்கும். நுழையாது.

முக்கியமான வித்தியாசம் இது: இடுக்கில் அடைபட்ட கலவை பரவி வெளியே வருவதில்லை. சிலிண்டர் அழுத்தம் இறங்க இறங்கத்தான் வெளியே வழிகிறது. அதற்குள் பிஸ்டன் பாதி தூரம் கீழே போய்விட்டது, நடு வாயுவும் குளிர்ந்துவிட்டது. ஒரு பங்கு எரிகிறது, மீதி புகைக்குழாய்க்குப் போகிறது.

1993இல் எம்ஐடியில் ஹேவுட் குழுவினர் வெளியிட்ட கணக்கு ஒன்று இன்றும் எல்லோரும் எடுத்துக்காட்டுவது. சிலிண்டருக்குள் போகும் எரிபொருளில் சுமார் 9 சதவீதம் சாதாரண எரிதலைத் தவறவிடுகிறது. அதில் மிகப் பெரிய பங்கு, 5 சதவீதத்துக்குச் சற்று மேல், இடுக்குகளில். சுவரில் அணைவது அரை சதவீதம். மீதி எண்ணெய்ப் படலம், கரிப் படிவு, திரவமாக உள்ளே வரும் எரிபொருள் என்று பிரிகிறது.

பட்டறை:

இது எனக்குப் புரிகிறது. முதல் ரிங்கை மேலே ஏற்றி வைத்த பிஸ்டன்கள் ஏன் வந்தன என்று இப்போது தெளிவாகிறது. பழைய பிஸ்டன்களில் டாப் லேண்ட் நன்றாக உயரமாக இருக்கும், புதியவற்றில் மெல்லிசாகிவிட்டது. ரிங் பள்ளம் சூடேறி ரிங் ஒட்டிக்கொள்ளும் சிக்கலைச் சமாளிக்க அந்தப் பள்ளத்தைக் கடினப்படுத்தவும் வேண்டியிருக்கிறது.

ஸ்குயிஷ் பெரிதானால் ஹைட்ரோகார்பன் ஏறியது இதே கதைதானா? அங்கேயும் மேலும் கீழும் இரண்டு சுவர்.

பழையகாகிதம்:

ஆமாம் அண்ணா, அதுவும் இரண்டு சுவர்க் கதைதான். 1 மி.மீ. இடைவெளியில் முழு லோடில் சுடர் நுழைந்துவிடும், குறைந்த லோடில் அழுத்தம் குறைவு, சுடரும் சோம்பல், ஓரத்தில் அணையும். கேஸ்கட் விளிம்பில் இருக்கும் இடுக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இடுக்குதான் குற்றவாளி என்பதற்கு நேரடிச் சோதனையும் இருக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸில் வென்ட்வொர்த், டாப் லேண்ட் இடுக்குக்குள் வாயு போகாதபடி அடைத்த பிஸ்டன் அமைப்பை வைத்து என்ஜினை ஓட்டினார். புகையில் ஹைட்ரோகார்பன் பெருமளவு இறங்கிவிட்டது. இது 1981க்கும் முந்திய வேலை. அடுக்கு என்ன ஆகிறது என்ற கணக்கு வந்த பிறகுதான் அந்தச் சோதனையின் முழு எடையும் புரிந்தது.

தெற்குக்காற்று:

நான் முழு என்ஜினுக்கும் சிஎஃப்டி, அதாவது வாயு ஓட்டத்தைக் கணினியில் தீர்க்கும் கணக்கு, செய்கிறவன். இந்த இழையைப் படித்தால் சுவரோரம் அணைவது பெரிய விஷயமே இல்லை என்ற எண்ணம் வருகிறது. அதோடு எனக்கு உடன்பாடு இல்லை.

ஒன்று: 20 மைக்ரான் என்பது நல்ல லோடுக்கான எண். ஐடிலிங்குக்குக் கணக்குப் போடுங்கள். 5 பார், கலவையில் கால் பங்கு பழைய எரிந்த வாயு, சுடர் வேகம் நொடிக்கு 20 செ.மீ. பரவல் எண் 0.09 சதுர செ.மீ. நீளம் 45 மைக்ரான், அணையும் தூரம் 160 மைக்ரான். என்ஜின்களில் அளந்த அடுக்குகளே 0.05 முதல் 0.4 மி.மீ. வரை என்று ஹேவுட் புத்தகத்தில் இருக்கிறது, ஆகவே இது கற்பனை எண் அல்ல. பரவும் நேரம் இப்போது கிட்டத்தட்ட 3 மில்லி விநாடி. 1000 ஆர்பிஎம்மில் 17 டிகிரி. அதற்குள் வாயு குளிர ஆரம்பித்துவிடுகிறது. காலையில் முதல் ஸ்டார்ட், சுவர் 300 கெல்வின், என்று வைத்தால் நிலைமை இன்னும் மோசம். மாசு விதிகளில் பாதித் தலைவலி அந்த முதல் நிமிடத்தில்தானே, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிஸ்ட் சூடாவதற்கு முன்னால்?

இரண்டு: வெப்பம். சுடர் சுவரில் மோதும் அந்தக் கணத்தில்தான் சுவருக்குள் பாயும் வெப்பம் உச்சத்தைத் தொடுகிறது. இதைத் தவறவிட்டால் பிஸ்டன் வெப்பநிலை, நாக்கிங், எரிபொருள் செலவு எல்லாமே தவறிப்போகும்.

வலைக்கண்ணி:

ஐடிலிங் கணக்கை ஒப்புக்கொள்கிறேன். 1981 முடிவைச் சூடான, லோடுள்ள என்ஜினுக்கு வெளியே இழுத்துக்கொண்டு போகக் கூடாது. எரிபொருள் குறைந்த லீன் கலவைக்கும் இதே எச்சரிக்கை.

வெப்பம் பற்றி இன்னும் அழுத்தமாகவே சொல்லலாம். நீலச்சுடரின் 20 பார் எண்களையே எடுக்கிறேன். அடர்த்தி கன மீட்டருக்கு 15.5 கிலோ, சுடர் வேகம் 0.37 மீட்டர், வெப்பநிலை ஏற்றம் சுமார் 2000 கெல்வின். சுடர் வெளியிடும் வெப்பத் திறன் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 14 மெகாவாட். நேர் மோதலில் அதில் மூன்றில் ஒரு பங்கு வரை சுவருக்குள் போகிறது, அதாவது 4 மெகாவாட்டுக்கு மேல். என்ஜின் சுவர்களில் அளக்கும் உச்சங்களும் இதே வரிசையில்தான் இருக்கின்றன. இந்த உச்சம் ஓர் இடத்தில் நிற்பது சில பத்து மைக்ரோ விநாடிதான், சுடர் முகம் நகர நகர உச்சமும் சுவரில் நகர்ந்துகொண்டே போகிறது.

இப்போது நாம் ஓட்டும் என்ஜின் சிஎஃப்டியில் சுவரோர முதல் கட்டம் என்ன அளவு? அரை மி.மீ. அணையும் அடுக்கு அதற்குள் 25 முறை அடங்கும். சுவர்ச் சார்புகள் எல்லைப்படலத்தை (சுவரை ஒட்டிய மெல்லிய வாயு அடுக்கை) ஒரு சூத்திரத்தால் மூடிவிடுகின்றன, அந்தச் சூத்திரத்துக்குள் சுடர் என்ற ஒன்றே கிடையாது. ஹான், ரைட்ஸ் இருவரும் 1997இல் அடர்த்தி மாற்றத்தைச் சேர்த்துத் திருத்தியது பெரிய முன்னேற்றம், அதையே இன்றும் பெரும்பாலோர் பயன்படுத்துகிறோம். அதிலும் சுடர் சுவரைத் தொடும் கணம் இல்லை. சுடருக்கான கணித மாதிரியோ சுவர் வரைக்கும் எரித்துக்கொண்டே போகும், யாராவது அணைக்கச் சொல்லாவிட்டால்.

நீலச்சுடர்:

அப்படியானால் முழு சிலிண்டரையும் நேரடியாகவே தீர்த்துவிட முடியாதா? மாதிரி எதுவும் இல்லாமல்?

வலைக்கண்ணி:

4 மைக்ரான் கட்டம் போட்டால், 50 கன செ.மீ.க்கு ஏறக்குறைய 78,000 கோடி கட்டங்கள். ஒவ்வொன்றிலும் 53 சேர்மம். அதுவும் பிஸ்டன் மேலே நிற்கும் ஒரு கணத்துக்கு. ஈடிஎச் சூரிக் குழுவினர் நெக்5000 கோடில் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கை நேரடியாகத் தீர்த்தார்கள், ஆனால் சுடர் இல்லாமல், குறைந்த வேகத்தில்.

அதனால்தான் எல்லோரும் சின்னத் துண்டை எடுத்துத் தீர்க்கிறார்கள். 1993இல் புவான்சோ, ஹாவர்த், புரூனோ மூவரும் இரு பரிமாணக் கொந்தளிப்பில் சுவரில் மோதும் சுடரைத் தீர்த்து, அதிலிருந்து என்ஜின் கோடுகளுக்கு ஏற்ற ஒரு சுவர் மாதிரியை எடுத்தார்கள். 1996இல் அது முப்பரிமாணக் கால்வாய் ஓட்டத்துக்கு வளர்ந்தது. 2010இல் குரூபர், சங்கரன், ஹாக்ஸ், சென் ஆகியோர் ஹைட்ரஜன் சுடரை விரிவான வேதியியலோடு கால்வாய்ச் சுவரில் மோதவிட்டார்கள். இவற்றில் எதுவும் என்ஜின் இல்லை. ஆனால் என்ஜின் கோடுக்குள் போடுகிற சூத்திரத்துக்கு எண்கள் இங்கிருந்துதான் வருகின்றன.

பழையகாகிதம்:

ஜெர்மனியில் டார்ம்ஸ்டாட், கார்ல்ஸ்ரூஹ இரண்டு பல்கலைக்கழகங்களும் சேர்ந்து 2015இல் தொடங்கிய கூட்டாய்வையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டார்ம்ஸ்டாட்டில் சுவரை உரசிப்போகும் சுடருக்கென்றே ஒரு பர்னர் கட்டி, சுவரோரம் வெப்பநிலையையும் கார்பன் மோனாக்சைடையும் லேசரால் சேர்ந்தே அளந்தார்கள். சிமுலேஷனோடு ஒப்பிட்டபோது தெரிந்தது: சுவரோரக் குளிர்ந்த வாயுவில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு பெரும்பாலும் அங்கே பிறந்ததே இல்லை. சுடரின் சூடான பகுதியில் பிறந்து சுவர்ப்பக்கம் பரவி வந்தது. சுவரில்லாத சாதாரண சுடரிலிருந்து தயாரித்த அட்டவணையை வைத்து ஓட்டும் கோடுகள் இந்த இடத்தில் தடுமாறுகின்றன. அட்டவணையில் வெப்ப இழப்பைச் சேர்த்தால் தேறும், ஆனால் முழுதாகத் தேறாது.

நீலச்சுடர், இன்னொரு விஷயத்தை இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்: அணையும் தூரம் என்று நீங்கள் எதைச் சொல்கிறீர்கள்? எரிபொருள் தீரும் வேகம் உச்சத்தில் இருக்கும் இடமா, குறிப்பிட்ட ஒரு வெப்பநிலைக் கோடா, ஓஎச் சரியும் இடமா? சோதனைக்காரர்கள் சுடரின் ஒளியைப் பார்த்துச் சொல்வார்கள். ஒரே சுடருக்கு இந்த நாலும் நாலு எண் தரும். கட்டுரைகளுக்கு நடுவே இருக்கும் பாதிச் சண்டை இதனால்தான்.

நீலச்சுடர்:

எரிபொருள் தீரும் வேகத்தின் உச்சத்தை எடுத்திருந்தேன். இனி வெப்பநிலைக் கோட்டையும் சேர்த்தே பதிவு செய்கிறேன்.

அடுத்து ஹைட்ரஜன் செய்யச் சொல்லியிருக்கிறார் என் வழிகாட்டி. சேர்மப் பட்டியலை மாற்றினால் போதுமா?

தெற்குக்காற்று:

போதாது. இரண்டு தகடுகளுக்கு நடுவே மீத்தேன் சுடர் அணைய சுமார் 2 மி.மீ. வேண்டும், ஹைட்ரஜனுக்கு 0.64 மி.மீ. போதும். வெடிப்பாபத்து உள்ள இடங்களில் வைக்கும் மின்பெட்டிகளுக்குச் சோதனையில் கண்ட பாதுகாப்பு இடைவெளி மீத்தேனுக்கு 1.14 மி.மீ., ஹைட்ரஜனுக்கு 0.3 மி.மீ.க்கும் கீழே. சுவருக்கு அவ்வளவு பக்கத்தில் வந்து எரிவதால் வெப்பம் சுவருக்குள் கூடுதலாகப் போகிறது. ஹைட்ரஜன் என்ஜின்களில் சுவர் வழி வெப்ப இழப்பைப் பற்றி எல்லோரும் கவலைப்படுவது இதனால்தான். டாப் லேண்ட் இடுக்குக்குள்ளேயும் சுடர் எட்டிப் பார்க்கும், பட்டறை அண்ணா பிஸ்டன் கழற்றும்போது கவனிக்கவேண்டிய இடம் அது.

பட்டறை:

கவனிக்கிறேன். லைனரில் எண்ணெய்ப் படலத்துக்கு என்ன ஆகும் என்பதும் எனக்குப் பெரிய கேள்வி. அதற்குத் தனி இழை போடலாம்.

கரிமச்சங்கிலி:

நீலச்சுடர், கோடில் மூன்று இடங்களைப் பாருங்கள்.

எல்லாச் சேர்மமும் வெப்பத்தோடு ஒரே வேகத்தில் பரவுகிறது என்று வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். மீத்தேனுக்கு அது ஓரளவு பொறுக்கும். ஹைட்ரஜன் வெப்பத்தை விட வேகமாகப் பரவும், லீன் கலவையில் சுடரின் முகமே இதனால் விரல் விரலாகப் பிரியும். ஒரு பரிமாணத்தில் அந்தப் பிரிவு தெரியாது என்பதையும் ஆய்வில் எழுதிவிடுங்கள்.

சுவரோர வெப்ப வெளியீட்டைத் தனியாக வரைந்து பாருங்கள். ஒற்றை வினையில் சுவரில் வெப்ப வெளியீடு பூஜ்யம். விரிவான வேதியியலில், முக்கியமாக ஹைட்ரஜனில், சுவரை ஒட்டியே வெப்ப வெளியீடு ஏறும். ரேடிக்கல்கள் குளிர்ந்த இடத்தில் ஒன்றோடொன்று சேர்ந்து தாம் சுமந்த ஆற்றலைக் கொட்டிவிடுகின்றன, அதற்கு ஆற்றல் தடை இல்லை என்று மேலே சொன்னேன். இதைப் பார்த்துக் கோடு கெட்டுவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம்.

மூன்றாவதுதான் பலரும் தவறவிடுவது. வெப்பநிலைச் சரிவால் வரும் பரவலை, சொரே விளைவை, ஹைட்ரஜனுக்குக் கட்டாயம் சேர்க்கவேண்டும். லேசான மூலக்கூறுகள் சூடான பக்கம் நகரும், சுவரோரம் வெப்பநிலைச் சரிவுதான் உச்சத்தில் இருக்கிறது. சேர்த்த பிறகு சுவரில் எல்லை நிபந்தனையை மாற்றாமல் விட்டால் தப்பாகிவிடும். சேர்மத்தின் நிறைப் பங்கின் சரிவு சுவரில் பூஜ்யம் என்றுதான் வழக்கமாக எழுதுவோம். சொரே இருந்தால் பூஜ்யமாக வேண்டியது மொத்தப் பாய்வு: சாதாரணப் பரவலும் சொரே பரவலும் சுவரில் ஒன்றையொன்று சரியாக ஈடுகட்ட வேண்டும், அதனால் நிறைப் பங்குக்குச் சுவரில் ஒரு சரிவு இருந்தே தீரும். பழைய நிபந்தனையை வைத்தால் திடமான சுவர் வழியே ஹைட்ரஜன் கசியும். மொத்த ஹைட்ரஜன் அணுக்களின் எண்ணிக்கையை நேரத்தோடு வரைந்தால் உடனே தெரியும்.

நீலச்சுடர்:

என் கோடில் நிறைப் பங்கின் சரிவு பூஜ்யம் என்றுதான் இருக்கிறது. சொரே இல்லாததால் மீத்தேனில் தெரியவில்லை. மொத்தப் பாய்வு பூஜ்யம் என்று மாற்றிவிட்டு, அணுக் கணக்கையும் சேர்த்து வரைந்து இங்கேயே போடுகிறேன். சுவர் வெப்பநிலை 300 வேண்டாம், 450 கெல்வினில் தொடங்கலாமா?

தெற்குக்காற்று:

இரண்டையும் ஓட்டுங்கள். 300 குளிர் ஸ்டார்ட்டுக்கு, 450 ஓடுகிற என்ஜினுக்கு. அழுத்தத்தை 1, 5, 20 பார் என்று ஏற்றுங்கள், ஒவ்வொரு முறையும் கட்டத்தை அதற்கேற்பச் சுருக்க மறக்க வேண்டாம். 20 பாரில் ஹைட்ரஜனுக்கு 1 மைக்ரானே பெரிதாகத் தெரியலாம்.